தரங்கம்பாடியிலிருந்து போன விண்ணப்பங்கள்

வெளிநாட்டில் ஊழியம் செய்கிறவர்களுக்காக ஜெபிக்கும்படி சபையில் குறிப்பு வாசிக்கப்படும்போது, கேட்பவர்கள் பெரும்பாலும் அதை ஒரு சம்பிரதாயமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். குறிப்புகளும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை: மொழி இன்னும் பிடிபடவில்லை, விசா புதுப்பிக்கவில்லை, பிள்ளைகளின் படிப்புக்கு வழி தெரியவில்லை, உடம்புக்கு முடியவில்லை, வந்த பணம் வாடகைக்கே சரியாகிவிட்டது. மிஷன் வரலாறு எழுதியவர்களும் இவற்றை ஓரங்கட்டித்தான் வைத்திருக்கிறார்கள். அரசனின் ஆணை, முதல் ஞானஸ்நானம், முதல் கோயில், முதல் அச்சுப் புத்தகம் எல்லாம் அத்தியாயங்களாகின்றன. வயிற்றுவலிக்கும் வராத கப்பலுக்கும் அடிக்குறிப்பில்தான் இடம். என் கட்சி வேறு. 1706-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய லுத்தரன் மிஷனைக் கட்டி எழுப்பியதில் டென்மார்க் அரசனின் ஆணைக்கு இருந்த பங்கைவிட, அந்த ஆணை கண்டுகொள்ளாமல் விட்ட அன்றாடக் குறைகளுக்கும், அவற்றை ஊரறியச் சொன்ன கடிதங்களுக்கும் இருந்த பங்கு பெரிது. நாம் பெருமையாகப் பேசும் தரங்கம்பாடி அச்சகம்கூட அப்படி ஒரு குறையைச் சொன்ன கடிதத்துக்குக் கிடைத்த பதில்தான்.

ஆணை எதைக் கொடுத்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். டேனியர் 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் பெற்ற கடற்கரைத் துண்டு தரங்கம்பாடி. டான்ஸ்போர்க் கோட்டையும் சுற்றிச் சில கிராமங்களும்தான் அவர்கள் ஆட்சி. அங்கே நற்செய்தி சொல்ல ஆள் அனுப்ப வேண்டும் என்று நான்காம் ஃபிரெடரிக் முடிவு செய்தபோது டென்மார்க்கில் ஆள் அமையவில்லை. ஜெர்மனியிலிருந்து பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்ரிக் புளூட்ச்சோ என்ற இருவரை வரவழைத்தார்கள். 1705 நவம்பர் இறுதியில் கோபன்ஹேகனை விட்ட சோபியா ஹெட்விக் கப்பல், 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடி வந்தது. ஏழு மாதத்துக்கு மேல் கடலில் கிடந்து வந்தவர்களை வரவேற்க ஒருவரும் இல்லை. கம்பெனி இயக்குநர்களுக்கு இந்த முயற்சியே பிடிக்கவில்லை. வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்பது அவர்கள் கணக்கு. கோட்டைத் தலைவர் ஹாசியஸ் இருவரையும் காத்திருக்க வைத்தார். அரசமுத்திரை வைத்த கடிதம் கையில் இருந்தது. தங்க வீடு இல்லை, பேச மொழி இல்லை, யாரிடம் என்ன கேட்பது என்று சொல்ல ஆளும் இல்லை. அரசன் பிற்பாடு அஞ்சல் வருமானத்திலிருந்து ஆண்டுதோறும் மிஷனுக்குப் பணம் ஒதுக்கினார் என்பது உண்மை. ஆனால் கோபன்ஹேகனில் ஒதுக்கிய பணத்துக்கும் தரங்கம்பாடியில் அரிசி வாங்கும் பணத்துக்கும் நடுவே அரை உலகக் கடல் கிடந்தது.

அந்தக் கடல்தான் எல்லாவற்றுக்கும் மேலான அன்றாடப் பிரச்சினை. சோழமண்டலக் கரையில் துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரம் போடும். ஆளும் சரக்கும் அலையைக் கடந்து சிறு படகில் கரைக்கு வர வேண்டும். 1708-இல் ஐரோப்பாவிலிருந்து இவர்களுக்கு வந்த பணப்பெட்டி, கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுவரும் வழியில் கடலோடு போயிற்று. ஏழு மாதப் பயணத்தில் பிழைத்த பணம் கரை தெரியும் தூரத்தில் முழுகியது. ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் கப்பல்கள் இந்தக் கரையை அண்டாது. போதாக்குறைக்கு 1709-இல் வடக்கு ஐரோப்பாவில் டென்மார்க் மறுபடி போரில் இறங்க, டேனிஷ் கப்பல்களும் அருகின. ஆங்கிலேயர் வசமிருந்த சென்னை வழியாக லண்டனுக்குக் கடிதம் அனுப்பும் நிலை வந்தது. ஒரு கேள்விக்குப் பதில் வர ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு. காய்ச்சலில் கிடக்கிறேன், எனக்காக ஜெபியுங்கள் என்று எழுதினால், கடிதம் பிரிக்கப்படும்போது எழுதியவர் குணமாகி நடமாடிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் கல்லறையில் இருப்பார். சீகன்பால்கு 1719 பிப்ரவரி 23 அன்று, முப்பத்தாறு வயதில் இறந்தார். அந்தச் செய்தி ஜெர்மனி போய்ச் சேரும்வரை அவருடைய உடல்நலத்துக்காக அங்கே ஜெபித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். ஜெபக் குறிப்புகள் ஏன் இன்றுவரை ஒரே மாதிரி இருக்கின்றன என்பதற்கு ஒரு விளக்கம் இங்கே கிடைக்கிறது. இந்த வாரத்து அவசரத்தை எழுதிப் பயனில்லை. இரண்டு ஆண்டு கழிந்தாலும் தீராத குறையைத்தான் எழுத முடியும். மொழி, உடல்நலம், பணம், பிள்ளைகள், சக ஊழியரோடு சமாதானம் என்ற பட்டியலைப் பாய்மரக் கப்பலின் வேகம்தான் முதலில் தீர்மானித்தது.

இந்தக் கடிதங்களை அச்சிடலாம் என்று கண்டவர் ஹாலே நகரத்தின் அகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே. அநாதைச் சாலை, பள்ளிகள், மருந்துக்கடை, அச்சகம் என்று பெரிய நிறுவனத்தையே காணிக்கைகளை நம்பி நடத்தியவர் அவர். 1710 முதல் தரங்கம்பாடிக் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் தொகுத்து வெளியிடத் தொடங்கினார். ஹாலே அறிக்கைகள் என்று இன்று அறியப்படும் அந்த வெளியீடு 1772-க்குள் 108 பகுதிகள் வந்தது. பிறகு புதிய வரிசையாக 1848 வரை நீடித்தது. புராட்டஸ்டன்ட் மிஷன் பத்திரிகைகளில் இதுவே முதலாவது என்பார்கள். லண்டன் அரண்மனையில் குருவாக இருந்த பேம என்ற ஜெர்மானியர் 1709-இலேயே சில கடிதங்களை ஆங்கிலத்தில் கொண்டுவந்துவிட்டார். அதைப் படித்துத்தான் லண்டனின் கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் தரங்கம்பாடியின் பக்கம் திரும்பிற்று. ஆங்கிலிக்கன் சங்கம் ஒன்று, டேனியரின் ஊரில் இருந்த ஜெர்மன் லுத்தரன்களுக்குப் பணமும் பொருளும் அனுப்பியது. திருச்சபை வரலாற்றில் அந்நாளில் இது அபூர்வம். கோட்பாட்டில் ஒன்றுபடாதவர்கள் ஒரு தேவைப் பட்டியலின் முன் ஒன்றுபட்டார்கள். அரசனுக்குக் குடிமக்கள் இருந்தார்கள். இந்தக் கடிதங்களுக்கு வாசகர்கள் இருந்தார்கள். ஜெபிக்கச் சொன்னால் முதலில் படிக்க வேண்டும், படித்தவர் கொடுப்பார், கொடுத்தவர் அடுத்த கடிதத்துக்குக் காத்திருப்பார். மிஷனுக்கு முதுகெலும்பாக அமைந்தது இந்தச் சுற்று.

இதன் வேலையை அருகே வைத்துப் பார்க்க அச்சகத்தின் கதையே போதும். ஓலையில் எழுதிப் பிரதியெடுக்க ஆகும் செலவையும் காலத்தையும் கடிதங்கள் சொன்னதும், 1711-இல் லண்டன் சங்கம் ஓர் அச்சுப்பொறியும் காகிதமும் யோனாஸ் ஃபின்க் என்ற அச்சடிப்பவரையும் அனுப்பியது. கப்பல் பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கிற்று. மீண்டு புறப்பட்ட பிறகு ஃபின்க் வழியிலேயே இறந்தார். 1712-இல் பொறி வந்தது, ஓட்ட ஆள் வரவில்லை. கோட்டைச் சிப்பாய் ஒருவருக்கு அந்தத் தொழில் தெரிந்திருந்ததால் வேலை நடந்தது. ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்தன. அவை மிகப் பெரியவை. ஒரு பக்கத்தில் நாலு வரி அதிகமாகப் பிடிக்க வழியில்லாமல் காகிதத்தைத் தின்றன. காகிதமோ கப்பலில் வர வேண்டியது. சிறிய எழுத்து வார்க்க உலோகம் வேண்டும். அதற்கும் எங்கே போவது? லண்டன் நண்பர்கள் அனுப்பியிருந்த செஷயர் பாலாடைக்கட்டிகளை மூடியிருந்த ஈயத் தகடுகளை உருக்கித் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். பிறகு பொறையாரில் காகிதப் பட்டறை ஒன்று போட்டார்கள். கடுதாசிப்பட்டறை என்று இடத்துக்குப் பெயர் நின்றுவிட்டதே தவிரப் பட்டறை நெடுநாள் நிற்கவில்லை. 1714-இலும் 1715-இலும் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது இப்படித்தான். அரசன் கட்டளையிட்டு நடந்த காரியம் என்று இதில் எந்தக் கட்டத்தைச் சொல்வது? குறை, அதைச் சொன்ன கடிதம், பாதி வந்த உதவி, மீதியைக் கையில் இருப்பதை வைத்துச் சமாளித்த சாமர்த்தியம். ஒவ்வொரு படியும் இதே வரிசையில்தான் ஏறியிருக்கிறது.

பணமும் பொருளும் தீர்க்க முடியாத குறை மொழி. தரங்கம்பாடியில் ஐரோப்பியரோடு பேசப் பயன்பட்டது கொச்சைப் போர்த்துகீசியம். முதலில் அதைக் கற்றார்கள். தமிழுக்கு இலக்கணப் புத்தகமும் கையில் இல்லை, சொல்லித்தரும் ஐரோப்பியரும் இல்லை. எழுபது வயது திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் தம் பள்ளியையே சீகன்பால்கு வீட்டுக்குக் கொண்டுவர, குருகுலத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்தைப் படித்தார் அந்த ஜெர்மானியர். அழகப்பன் என்ற துபாஷி பேச்சுத் தமிழுக்கு. நூல்களைப் படித்துப் பொருள் சொல்லப் புலவர் ஒருவர். இரவில் விளக்கு வெளிச்சத்தில் ஓலை வாசிக்கக் கண்ணுக்கு முடியாது என்பதால் ஓர் ஆள் உரக்க வாசிக்க இவர் கேட்டுக்கொண்டிருப்பார். இரண்டே ஆண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி, 1708-இல் அவற்றுக்கு விவரப் பட்டியலே எழுதிவிட்டார். பிறரை நம்பியே வாழ வேண்டியிருந்த ஒருவரின் உழைப்பு இது. அதிகாரத்தோடு வந்தவர்களுக்கு ஒரு துபாஷி போதும். கோட்டையில் இருந்த டேனியர் தொண்ணூறு ஆண்டாக அப்படித்தான் காலம் தள்ளினார்கள். அதிகாரம் கைகொடுக்காதவருக்குத்தான் வாத்தியார் தேவைப்பட்டார்.

அதிகாரம் கைகொடுக்கவில்லை என்பதைச் சும்மா சொல்லவில்லை. அந்நிய நாட்டில் மிஷனெரிக்கு வரும் இடையூறு உள்ளூர்க்காரரால்தான் வரும் என்று நினைப்பது வழக்கம். தரங்கம்பாடிச் சான்று வேறு மாதிரி பேசுகிறது. நாவிதர் ஒருவரின் விதவைக்காக, கம்பெனி உத்தியோகஸ்தர் சம்பந்தப்பட்ட ஒரு கடன் வழக்கில் சீகன்பால்கு தலையிட்டார். ஹாசியஸ் அவரைப் பிடித்துக் கோட்டைக்குள் அடைத்தார். 1708 நவம்பரிலிருந்து 1709 மார்ச் வரை நான்கு மாதச் சிறை; தொடக்கத்தில் எழுதுகோலும் காகிதமும்கூட மறுக்கப்பட்டன. அடைத்தவர் சொந்த மதத்துக்காரர், சொந்த அரசனின் அதிகாரி. இதைவிடக் கூர்மையான சான்று மலபார்க் கடிதங்களில் இருக்கிறது. 1712 முதல் 1714 வரை மிஷனெரிகள் எழுப்பிய கேள்விகளுக்குத் தமிழர்கள் எழுதிய 99 கடிதங்கள் ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு ஹாலே அறிக்கைகளில் வந்தன. கிறிஸ்தவத்தை ஏன் ஏற்கவில்லை என்ற கேள்விக்கு அவற்றில் திரும்பத் திரும்ப வரும் விடை வேதாந்தம் அல்ல: கரையில் இருக்கும் கிறிஸ்தவர்கள் குடிக்கிறார்கள், அடிக்கிறார்கள், சுத்தபத்தம் இல்லை. சீகன்பால்கு இதை மறைக்காமல் எழுதினார். ஐரோப்பியக் கிறிஸ்தவரின் நடத்தையே தம் ஊழியத்துக்குப் பெருந்தடை என்பது அவர் முறையீடு. ஜெபிக்கக் கேட்ட காரியங்களில், கேட்கப்பட்டவர்களையே கூசவைக்கும் காரியமும் இருந்தது.

உடம்பைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை, தேதிகள் போதும். சீகன்பால்கு வயிற்று நோயால் பல காலம் தவித்து 1719-இல் போனார். அவருடைய தோழர் கிரண்ட்லர் 1720 மார்ச்சில் போனார். 1719-இல் வந்த மூவரில் கிஸ்டன்மாக்கர் 1722-இல் போனார். மிஷனுக்கென்று ஹாலே அனுப்பிய மருத்துவர் ஷ்லேகல்மில்ஹ் 1730-இல் வந்து அந்த ஆண்டே இறந்தார். ஹாலே மருந்துக்கடையில் தங்கம் சேர்த்தது என்று விற்ற எசென்சியா துல்சிஸ் பெட்டி பெட்டியாக வந்தது. தரங்கம்பாடிக் காய்ச்சல் அதற்கு மசியவில்லை. ஐரோப்பிய மருந்தை நம்பி உட்கார்ந்திருக்க முடியாதென்று கண்ட கிரண்ட்லர் 1711-இலேயே தமிழ் மருத்துவ முறை பற்றி ஜெர்மனில் ஒரு கையேடு எழுதி அனுப்பினார். அச்சில் நடந்ததே இங்கேயும் நடந்திருக்கிறது.

இந்த இடத்தில் ஓர் எதிர்ப்பைக் கவனிக்க வேண்டும். அதை எழுப்பியவர் மிஷனின் பகைவரல்ல, அதன் மேலாளர். 1714-இல் கோபன்ஹேகனில் மிஷன் ஆலோசனைச் சபை ஏற்பட்டது. அதன் செயலாளரானார் கிறிஸ்தியன் வெண்ட். அப்போஸ்தலர் பையும் பணமும் இல்லாமல் ஊர் ஊராகப் போனார்கள், நீங்கள் ஏன் கோயில் கட்டுகிறீர்கள், பள்ளி வைக்கிறீர்கள், வீடு வாங்குகிறீர்கள், பெண்டாட்டி பிள்ளை என்று குடும்பம் நடத்துகிறீர்கள் என்பது அவர் கேள்வியின் சாரம். தேவையே இல்லாதவன்தான் உண்மையான மிஷனெரி என்பது அவர் கொள்கை. 1718-இல் புதிய எருசலேம் ஆலயம் எழும்பிய காலத்தை ஒட்டி அவருடைய கடுமையான கடிதங்கள் வந்தன. நோயில் கிடந்த சீகன்பால்குவை அவை மிகவும் வாட்டின. வெண்டைக் கொடுமைக்காரர் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது, பழைய மிஷன் நூல்கள் அப்படித்தான் செய்தன. அவர் கேள்வியில் நியாயம் உண்டு. பணம் வரும் இடத்தில் பிணைப்பும் வரும். ஆனால் அவர் காட்டிய மாற்று வழி நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு, வசதியாக, தமிழ்நாட்டிலேயே சான்று இருந்தது. நூறாண்டுக்கு முன் மதுரையில் ராபர்ட் டி நோபிலி காவியுடுத்து, மரக்கறி உண்டு, துறவியாக வாழ்ந்து காட்டியவர். சீகன்பால்கு காலத்திலேயே வந்த பெஸ்கி வீரமாமுனிவராக நம் இலக்கியத்தில் இடம் பிடித்தார். அந்தத் துறவுக்கோலத்தின் பின்னாலும் ரோமாபுரிக்கு ஆண்டுக் கடிதங்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. சேசு சபையாரின் கடிதத் தொகுதிகள் 1702 முதல் பாரீஸில் அச்சாகி ஐரோப்பா முழுக்கப் படிக்கப்பட்டன. கோவணம் கட்டினாலும் தபால் தவறவில்லை. தேவைகளே இல்லாத மிஷனெரி என்று ஒருவர் கோபன்ஹேகன் அலுவலகத்துக்கு வெளியே இருந்ததில்லை.

இதைவிட வலுவான எதிர்ப்பு, இக்காலத்து ஆய்வாளர் சொல்வது. பணம் வருவதற்காக எழுதிய கடிதத்தை எப்படி நம்புவது? கஷ்டத்தைப் பெருக்கியும் பலனை ஊதியும் எழுதியிருக்க மாட்டார்களா? ஃபிராங்கே வந்ததை வந்தபடி அச்சிடவில்லை என்பது உறுதி. உட்பூசல்களை வெட்டினார், வாசகருக்குப் பிடிக்காததை ஒதுக்கினார். சீகன்பால்கு 1713-இல் முடித்த தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிய நூலை அச்சிட மறுத்தார். அஞ்ஞானத்தை வேரறுக்கப் போனவர்கள் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர் எண்ணம். அந்நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. ஆகவே அறிக்கைகளை அப்படியே வரலாறாகக் கொள்ள முடியாது. இந்தக் குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஒப்புக்கொண்டால் என்ன ஆகிறது? பலன்களைப் பற்றிய செய்தியில்தான் பெருக்கம் புகும். குறைகளுக்கு வெளிச்சாட்சி உண்டு. மரணத் தேதிகளைப் பெருக்க முடியாது. சிறைவாசத்தை ஒருவரும் கற்பனை செய்யவில்லை. 1709-இல் வந்து சண்டையிட்டுத் திரும்பிப் போன பேவிங் என்ற சக ஊழியரின் குறைகூறல் ஐரோப்பாவில் அச்சாகி, ஹாலே தரப்பு மறுப்பு எழுதும்படி ஆயிற்று. வாசகர் திரள் என்று ஒன்று உருவானபின், எழுதுகிறவர் நினைத்ததை மட்டும் அது கேட்டுக்கொண்டிருக்காது. தவிரவும், கொடுப்பவருக்குப் பிடித்ததை மட்டும் எழுதுகிறவர் மலபார்க் கடிதங்களை அனுப்பியிருக்கவே மாட்டார்.

மூன்றாவது எதிர்ப்பு எனக்கு மிக நெருடலானது. மிஷனெரிக்குச் சம்பளம் உண்டு, வீடு உண்டு, வேலையாள் உண்டு, அவருக்காக ஜெபிக்க ஐரோப்பா முழுக்க ஆள் உண்டு. அவரோடு வேலை செய்த தமிழருக்கு? தஞ்சை அரசர் நாட்டுக்குள் ஐரோப்பியர் விருப்பம்போல் நுழைய முடியாது. கோட்டை எல்லைக்கு வெளியே மிஷன் பரவியது உபதேசிமார் காலால். மிஷனெரிகளுக்குத் துபாஷியாக இருந்த அழகப்பன் தரங்கம்பாடியிலிருந்து வெளியேற்றப்பட்டார். கடலூர்க்காரரான ஆரோன் 1733 டிசம்பர் 28 அன்று குருப்பட்டம் பெற்று முதல் தமிழ் லுத்தரன் குருவானார். ஊர் ஊராக அலைந்து 1745-இல் இறந்தார். தஞ்சைப் படையில் சிப்பாயாக இருந்த ராஜநாயக்கன் அந்த வேலையை விட்டு உபதேசியாராகி, பல ஆண்டு பகையைத் தாங்கினார். அறிக்கைகளில் இவர்கள் பெயர் இல்லாமலில்லை. ஆரோனும் ராஜநாயக்கனும் ஜெர்மன் வாசகருக்கு அறிமுகமானவர்களே. ஆனால் அவர்கள் தாமே எழுதிக் கேட்டவை சொற்பம். மற்றவர் எழுதித்தான் அவர்கள் தேவை அறியப்பட்டது. இந்த எதிர்ப்புக்கு என்னிடம் முழு விடை இல்லை. என் வாதத்தை இது வெட்டுவதாகவும் நான் கருதவில்லை. விண்ணப்பக் கடிதம்தான் மிஷனைக் கட்டியது என்றால், கடிதம் எழுதும் உரிமை யார் கையில் இருந்ததோ அவர் கையில்தான் மிஷனும் இருந்தது. தமிழ்ச் சபைகள் தம் காலில் நிற்க அத்தனை காலம் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பணத்தின் பிணைப்பு பற்றி வெண்ட் அஞ்சியது பிற்பாடு பலித்தது. 1768-இல் மிஷன் மருத்துவராக வந்த கேனிக், லின்னேயஸிடம் படித்த தாவரவியலாளர். மிஷன் சம்பளம் அவருடைய ஆராய்ச்சிப் பயணங்களுக்குக் காணாமல் 1774-இல் ஆற்காட்டு நவாபிடம் வேலைக்குப் போய்விட்டார். தமிழ்ப் பாமாலைகளால் இன்றும் ஞாயிறுதோறும் நினைக்கப்படும் ஃபபிரீஷியஸின் கதை இன்னும் துயரமானது. வேதாகமத்தை ஒரு வாழ்நாள் முழுக்கத் திருத்திய அந்த மனிதர், மிஷனின் பணத்தையும் நம்பிக் கொடுத்தவர்களின் பணத்தையும் நவாப் வட்டாரத்தில் வட்டிக்கு விட்டார். பணம் திரும்பவில்லை. கடனுக்காகச் சிறையில் கிடந்து, தளர்ந்து, 1791-இல் சென்னையில் இறந்தார். ஐரோப்பாவிலிருந்து வரும் உதவி நின்று நின்று வந்த காலத்தில் மிஷனை ஓட்ட அவர் கண்ட வழி அது. பேராசை என்று அதைச் சொல்ல மாட்டேன். ஆனால் வெளியே சொல்லிக் கேட்கத் தெரிந்த மிஷனில், சொல்லாமல் சமாளிக்கப் பார்த்தவர் வீழ்ந்தார்.

கொடுப்பவர் விருப்பம் எவ்வளவு தூரம் உள்ளே வந்தது என்பதற்கு யாழ்ப்பாணம் சாட்சி. 1816-இல் அங்கே வேலை தொடங்கிய அமெரிக்க மிஷன், தன் விடுதிப் பள்ளிகளுக்கு அமெரிக்காவிலிருந்து தனித்தனி ஆதரவாளர்களைத் தேடியது. பிள்ளைக்குப் பணம் கொடுத்தவர் பிள்ளைக்குப் பெயரும் கொடுத்தார். பாவலர் சரித்திர தீபகம் எழுதிய சதாசிவம்பிள்ளைக்கு ஆர்னல்ட், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரான விசுவநாதபிள்ளைக்கு கரோல், தர்க்கம் எழுதிய சிதம்பரப்பிள்ளைக்கு நெவின்ஸ் என்ற பெயர்கள் ஒட்டிக்கொண்டது இந்த ஏற்பாட்டால்தான். அந்த மிஷன் வட்டுக்கோட்டையில் தந்த கல்வி இல்லாமல் இந்தப் பெயர்களில் எதையும் நாம் கேள்விப்பட்டிருக்க மாட்டோம் என்பதும் உண்மை. உதவியின் விலை அவர்கள் பெயரின் முன்னாலேயே எழுதியிருந்தது என்பதும் உண்மை.

அதற்கு நூறாண்டுக்குள் நிலைமை புரண்டது. 1903-இல் அசரியாவும் அவர் தோழர்களும் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். போன தமிழருக்குத் தெலுங்கு தெரியாது. ஊர் புதிது, சாப்பாடு புதிது, செலவுக்கு ஊரைப் பார்க்க வேண்டும். சீகன்பால்கு ஹாலேக்கு எழுதிய குறைகளைத் திருநெல்வேலிச் சபைகள் இப்போது தபாலில் வாங்கின. உலை வைக்கும்போது பெண்கள் எடுத்து வைத்த பிடி அரிசி காணிக்கையானது. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் தென்மாவட்டங்களில் பிறந்து வடநாட்டுக்கு ஆளனுப்பிய இயக்கம் தன் பெயரிலேயே ஜெபக்குழு என்று வைத்துக்கொண்டது. தேவைகளைச் சொல்லும் கடிதம் ஒரு மிஷனின் அலங்காரமல்ல, அதன் கட்டுமானம் என்பதற்கு, பெற்றுக்கொண்டிருந்தவர்கள் கொடுக்கத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட கருவி அதுவே என்பதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஹாலே அறிக்கைகள் பல்லாயிரம் பக்கம். பழைய ஜெர்மன் எழுத்தில் அச்சானவை. 18-ஆம் நூற்றாண்டுத் தஞ்சை வட்டாரத்தின் பஞ்சம், படையெடுப்பு, மருந்து, பள்ளிக்கூடம், சாதி வழக்கு, அரிசி விலை எல்லாம் அவற்றில் கிடக்கின்றன. நம்மைப் பற்றிய ஆவணம் நம் மொழியில் முழுமையாக இல்லை. தமிழ்ப் பல்கலைக்கழகங்களும், இந்த மிஷனின் வாரிசாக நிற்கும் லுத்தரன் திருச்சபையும் சேர்ந்து, பொறுக்கி எடுத்த சில தொகுதிகளையாவது ஜெர்மனிலிருந்து நேராகத் தமிழில் கொண்டுவர வேண்டும். உபதேசிமாரின் பெயர்கள் வரும் பக்கங்களிலிருந்து அந்த வேலையைத் தொடங்கலாம்.